உயிரோடிருந்தவன் படத்துக்கு மாலை

எனக்குப் பின் பெஞ்சில் இருந்தவன் காலையில் வகுப்புக்குள் வந்ததும் முதல் வேலையாக என் பொடதியில் ஓர் அடி போடுவான். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கியது. கழுத்து முடிந்து தலை தொடங்குகிற இடத்தில், உள்ளங்கையை விரித்து அடிப்பான். கண்ணுக்குள் பொறி பறக்கும். திரும்பி முறைத்தால் இன்னொன்று விழும் என்பதால் நான் திரும்புவதில்லை. அடித்துவிட்டு அவன் பாட்டுக்கு நோட்டைத் திறந்து உட்கார்ந்துகொள்வான். பகை ஒன்றும் கிடையாது. கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். எருமை மாட்டுப் பயல். இப்போது எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் பேச மாட்டேன். ஊமையெல்லாம் இல்லை, வீட்டில் நன்றாகவே பேசுவேன். கீழக்குயில்குடியில் பஸ் ஏறி மதுரைக்குள் இருந்த அந்த மிஷன் பள்ளியில் வந்து இறங்கியதும் நாக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். வருகைப் பதிவு எடுக்கும்போது என் பக்கத்தில் இருந்த நண்பன்தான் “வந்திருக்கான் சார்” என்று எனக்காகச் சொல்வான். கேண்டீனில் எனக்கும் சேர்த்து அவனே பப்ஸ் கேட்டு வாங்குவான். நாலு வருஷம் அவன் வாயால்தான் பசியாறினேன் என்றால் பொய்யில்லை. அவன் அப்பா பழங்காநத்தத்தில் பிளெக்ஸ் கடை வைத்திருந்தார். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கே அடிப்பார்கள். சாயங்காலம் கடைக் கம்ப்யூட்டரில் அவன் வேலை பார்க்க, நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். படத்தில் தலையை வெட்டி எடுப்பது, எழுத்துக்கு நிழல் கொடுப்பது எல்லாம் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். கடைக் கதவில் நிஜ ரோஜா மாலை ஒன்றைத் தொங்கவிட்டுப் படம் பிடித்து, மாலையை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருந்தான். அதை என் போனுக்கும் அனுப்பினான்.

போன் எனக்கு ஊரடங்கில் வந்தது. ஆன்லைன் வகுப்புக்கு என்று அப்பா கீறல் விழுந்த பழைய போன் ஒன்றை வாங்கித் தந்தார். வாத்தியார்கள் இருக்கும் வகுப்பு குரூப் ஒன்று. வாத்தியார்கள் இல்லாமல் பயல்களே ஆரம்பித்தது இன்னொன்று. அந்த இரண்டாவதில் நான் முதன்முதலாகப் போய் நின்றபோது அரண்டுவிட்டேன். காலை வணக்கத்துக்கே அருவா படம் போடுவார்கள். வெட்டுவேன், குத்துவேன், குடலை உருவுவேன் என்று எழுதி, பக்கத்திலேயே கண்ணீர் வரச் சிரிக்கும் மூஞ்சி. கேக் வெட்டுகிற படத்துக்குக் கீழே ரத்தம் சொட்டும் கத்தி. எது நிஜம், எது விளையாட்டு என்று எனக்கு விளங்கவே இல்லை. ஆனால் மற்றவர்களுக்கு எல்லாம் விளங்கியது.

மூன்று மாதம் ஒரு எழுத்துகூட எழுதாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். யார் யார் பார்த்தார்கள் என்பதையும் போன் காட்டிக்கொடுக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் பின் பெஞ்சுக்காரன், ஊமையன் எல்லாத்தையும் படிச்சுக்கிட்டே கெடக்கான் பாருங்கடா என்று எழுதினான். நாற்பது பேர் சிரித்தார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்த எனக்குப் பொடதி வலித்தது. நிஜமாகவே வலித்தது.

மறுவாரம் ரோட்டோரம் குடை விரித்து சிம் விற்பவனிடம் அண்ணனின் அடையாள அட்டையைக் காட்டி ஒரு சிம் வாங்கினேன். அழைப்பு லிங்க் யாருக்கும் யாரும் அனுப்பலாம் என்பதால் உள்ளே நுழைவது கஷ்டமாக இல்லை. பெயர் கேட்டது. ஒரு புள்ளி மட்டும் வைத்தேன்.

அந்தப் புள்ளிக்கு அம்புட்டு வாய் இருக்கும் என்று எனக்கே தெரியாது. பின் பெஞ்சுக்காரன் ஒரு வரி எழுதினால் புள்ளி நாலு வரி எழுதும். அவன் நடை, அவன் மீசை, மாதிரித் தேர்வில் கணக்கில் அவன் எடுத்த பன்னிரண்டு மார்க் எதையும் விடவில்லை. “யார்ரா நீ, ஆம்பளன்னா நேர்ல வாடா” என்பான். வந்தால் கையை ஒடித்து உன்னிடமே கொடுத்துவிட்டுப் போவேன் என்று புள்ளி எழுதும். குரூப்பே கைதட்டும். என் கட்டைவிரல் சூடேறும். வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் அனுபவித்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். பள்ளி திறந்தது. காலையில் அவன் அடிப்பான், சாயங்காலம் புள்ளி அடிக்கும். இரண்டுக்கும் நடுவில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு அட்டவணை வந்த வாரம் அது. காலையில் விழுந்த அடியில் என் வாய் பெஞ்சு விளிம்பில் மோதி முன்பல் ஓரம் உடைந்தது. ரத்தம் சட்டையில் வழிந்தது. அவனுக்கே கொஞ்சம் பயம் வந்து தன் கர்ச்சீப்பை நீட்டினான். நான் வாங்கவில்லை. உடைந்த துண்டை நாக்கால் தேடித் தேடி அன்று முழுக்க ஒன்றை மட்டும் யோசித்தேன்.

சாயங்காலம் வீட்டு மாடியில் உட்கார்ந்து அவனுக்குக் கண்ணீர் அஞ்சலி செய்தேன். அவனே பெருமையாகப் போட்டிருந்த கூலிங்கிளாஸ் படம். அதைச் சுற்றி நண்பன் கொடுத்த ரோஜா மாலை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. தோற்றம் என்று போட்டு அவன் பிறந்தநாள். மறைவு என்று போட்டு கணக்குப் பரீட்சைத் தேதி. கீழே, ஆழ்ந்த வருத்தத்துடன் நண்பர்கள். பரீட்சை என்று எங்கும் எழுதவில்லை. விளக்கம் சொன்னால் கேலியில் காரம் போய்விடும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

குரூப்புக்குத் தேதியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின் பெஞ்சுக்காரனே சிரித்தான். “செத்தேன்டா அன்னைக்கு” என்று எழுதி, நாலைந்து சிரிக்கிற மூஞ்சியும் போட்டான். அதோடு முடிந்திருக்க வேண்டியது. எவனோ அதை எடுத்துத் தன் ஸ்டேட்டஸில் வைத்தான். அங்கிருந்து இன்னொருவன் எடுத்தான். மறுநாள் மத்தியானம் அது பின் பெஞ்சுக்காரனின் தாய்மாமன் போனுக்குப் போய்ச் சேர்ந்தபோது, கூட எங்கள் சிரிப்பு எதுவும் போகவில்லை. மாலை, விளக்கு, இரண்டு தேதி மட்டும் போனது. அதில் இரண்டாவது தேதி இன்னும் வரவில்லை.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. வகுப்பில் யாருக்குமே தெரியாது. பின் பெஞ்சுக்காரன் குடும்பம் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தைச் சேர்ந்தது. வயலுக்குப் போகும் பாதைத் தகராறில் அவன் அப்பாவைப் பட்டப்பகலில் பஸ் ஸ்டாப்பில் வைத்து வெட்டிப் போட்டார்கள். வெட்டியவர்கள் ஜாமீனில் வந்து, மிச்சம் ஒருத்தன் இருக்கான், அவனுக்கும் போஸ்டர் அடிச்சாச்சு என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அதைக் கேட்ட அன்றே அவன் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு பழங்காநத்தத்துக்கு ஓடி வந்தவர். எங்கள் பக்கத்தில் உயிரோடிருப்பவன் படத்துக்கு மாலை போட்டாலே வீட்டில் ரகளை ஆகும். அந்த வீட்டில் அது வெட்டுக்கு நாள் குறித்த சேதி.

அன்று சாயங்காலம் நான் பிளெக்ஸ் கடையில் என் ஸ்டூலில் இருந்தேன். நண்பனின் அப்பா பேனர் கட்டப் போயிருந்தார். தாய்மாமனும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே வந்து போனை நீட்டி, இதை அடிக்கச் சொல்லி யார் கொடுத்தது என்று கேட்டார்கள். அந்த வட்டாரத்தில் போஸ்டர் என்றால் அந்தக் கடைதான். அதனால் அங்கே வந்திருந்தார்கள். நண்பன் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தனக்குத் தெரியாது என்றான்.

முதல் அறையிலேயே அவன் சுவரில் போய் மோதினான். கீபோர்டை எடுத்து அவன் மண்டையில் அடித்தார்கள். அது உடைந்து எழுத்துக் கட்டைகள் தரையெல்லாம் சிதறின. வயிற்றில் மிதித்தார்கள். ஒவ்வொரு மிதிக்கும் அதே கேள்வி, அவனிடம் அதே பதில். எனக்கும் அவனுக்கும் இரண்டு முழம் தூரம். நான் எழுந்திருக்கவில்லை. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. கால்சட்டை நனைந்துவிட்டது. ஒருவன் என் சட்டையைப் பிடித்துத் தூக்கி, நீ யார்ரா என்று கேட்டான். தரையில் கிடந்த நண்பன்தான் பதில் சொன்னான்.

“அது ஊமைண்ணே. அதுக்கு ஒண்ணும் தெரியாது. விட்ருங்க.”

என்னை விட்டுவிட்டார்கள். பிறகு அவனை வாசலுக்கு இழுத்துப் போய், வலது கையை நிலைப்படியில் நீட்டி வைத்து, ஷட்டரைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வரவில்லை. பக்கத்து டீக்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் சமணர் மலைக்குக் கீழே இருக்கும் தாமரைக் குளத்தங்கரையில் இறங்கி, போனில் இருந்த போஸ்டரையும் புள்ளி எழுதியவற்றையும் அழித்துவிட்டு, அந்த சிம்மைப் பல்லால் கடித்து இரண்டாக்கித் தண்ணீரில் எறிந்தேன். உடைந்த பல்லில் கடித்ததால் ஈறு கிழிந்தது. புள்ளி செத்தது என்று நிம்மதியாக இருந்தது. வெட்கம் கெட்ட நிம்மதி.

நண்பனைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஷட்டர் தவறி விழுந்துவிட்டது என்று அவன் அப்பா எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தெருவிலேயே கடை நடத்தியாக வேண்டுமே. மூன்று நாள் நான் போகவில்லை. நாலாம் நாள் போனபோது மாவுக்கட்டுக்கு வெளியே அவன் விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன. அவன் என்னைத் திட்டவில்லை. மாலைக்குள்ளே இரண்டு பூவுக்கு நடுவில் கடைக் கதவின் நீலம் தெரிகிறது, சரியாக வெட்டி எடுக்காமல் உனக்கு அனுப்பிவிட்டேன், அதைப் பார்த்ததுமே நீதான் என்று தெரிந்தது என்றான். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

பின் பெஞ்சுக்காரன் அந்த வாரத்திலிருந்து பள்ளிக்கு வரவில்லை. அவன் அம்மா வீட்டைவிட்டு வெளியே விடுவதில்லை என்றும், கணக்குப் பரீட்சை அன்று வாசல்படியே தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டதாகவும் பயல்கள் பேசிக்கொண்டார்கள். வாத்தியார் போய்ப் பேசியும் நடக்கவில்லை. மற்றப் பரீட்சைகளுக்கு மாமன் பைக்கில் கொண்டுவந்து விட்டுக் கூட்டிப்போனார். கணக்குக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. நண்பன் மாவுக்கட்டோடு வந்து என் முன்னால் நின்றான்.

“என் கை கூடிரும்டா. அவனுக்குப் பரீட்சை போயிரும். ஒரே ஒருக்கா வாயத் தொறந்து சொல்லிட்டு வா.”

போனேன். மத்தியானம், வெயில் மண்டையைப் பிளந்தது. மாடிப் போர்ஷன். கதவைத் திறந்தது அவன் அம்மா. உள்ளே சுவரில் அவன் அப்பாவின் பெரிய படம், அதே மாதிரி மாலை, அதே மாதிரி இரண்டு தேதி, மேலே சின்ன சிவப்பு பல்பு. போஸ்டரில் இருந்தவனின் கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டால் அப்படியே இந்த மூஞ்சிதான். அந்தப் படத்தைப் பார்த்தபடியேதான் பேசினேன்.

“அந்தப் போஸ்டர் நான்தாம்மா செஞ்சேன். விளையாட்டுக்கு. அவனப் பரீட்சைக்கு அனுப்புங்க.”

வீட்டுக்கு வெளியே ஓர் அன்னியரிடம் நான் பேசிய முதல் நீளமான பேச்சு அது. அந்த அம்மா நெஞ்சில் கை வைத்து அப்படியே நின்றார். உள்ளேயிருந்து தாய்மாமன் வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“அன்னைக்கு ஊமைன்னான். இன்னைக்கு ஊமைக்கு வாய் வந்துருச்சா? எவன்டா சொல்லிக் குடுத்து உன்னைய அனுப்புனது?”

யாரும் அனுப்பவில்லை என்றேன். அறைந்தார். கொட்டாம்பட்டியில் யாரைத் தெரியும் என்று கேட்டு அறைந்தார். நீதான் செய்தாய் என்றால் போனில் காட்டு என்றார். காட்ட என்னிடம் என்ன இருந்தது? படத்தை அழித்தாயிற்று, சிம் குளத்தில் கிடந்தது. காட்ட ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், வெட்டியவர்கள்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. சுவரோடு சேர்த்து என் தலையை இடித்தார். அறைக்குள்ளிருந்து பின் பெஞ்சுக்காரன் ஓடிவந்து நடுவில் விழுந்தான். எனக்கு வந்த அடியில் இரண்டு அவன் முதுகில் விழுந்தது. இவன் என் வகுப்புதான், வாயில்லாப் பூச்சி, அந்தத் தேதி கணக்குப் பரீட்சைத் தேதி, அதுக்குத்தான் போட்டிருக்கிறார்கள், நானே சிரித்தேன் என்று மூச்சுவிடாமல் சொன்னான். அப்போதுதான் அந்த அம்மா வாயைத் திறந்தார். கத்தவில்லை.

“அப்ப அன்னைக்குக் காலையில நீ எந்த வாசல்ல நிப்பன்னு தெரிஞ்சுதானய்யா தேதி போட்ருக்கான்.”

தாய்மாமன் கையை இறக்கிவிட்டார். நான் இன்னும் நாலு வார்த்தை பேசியிருந்தாலும் அது அந்தப் பேச்சுக்கு முன்னால் நின்றிருக்காது. பதினேழு வயது வரை மிச்சம் பிடித்து வைத்திருந்த வாய், வேண்டிய நேரத்தில் திறந்தும் ஒன்றுக்கும் உதவவில்லை. அதை நினைத்து நினைத்து எத்தனையோ நாள் என்னையே அறைந்துகொண்டிருக்கிறேன்.

பின் பெஞ்சுக்காரன் என்னைப் படிவரை கொண்டுவந்து விட்டான். என் மூக்கில் ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. பொடதியில் கை வைத்தான். உடம்பு தானாகக் குறுகியது. அவன் அடிக்கவில்லை. மெதுவாகத் தள்ளி, போடா என்றான்.

மறுநாள் பரீட்சை அறையில் பதிவெண் வரிசைப்படி அங்கேயும் அவன் இடம் எனக்குப் பின்னால்தான். மணி அடித்து அரை மணி நேரம் கழித்து மேற்பார்வையாளர் வந்து அந்தக் காலி மேசையில் கிடந்த விடைத்தாளை எடுத்துக்கொண்டு போனார். மூன்று மணி நேரமும் என் பொடதி கூசிக்கொண்டே இருந்தது. பக்கத்து அறையில் நண்பனுக்குப் பதிலாக ஒருவர் எழுத, அவன் ஒவ்வொரு கணக்காக வாயால் சொல்வது ஜன்னல் வழியே கேட்டது. எனக்குத் தெரியாத இரண்டு கணக்குக்கு அவன் குரலில் விடை வந்தது. நான் அதை எழுதவில்லை.

துணைத் தேர்வு எழுதலாம் என்று வாத்தியார் வீடு தேடிப் போய்ச் சொன்னார். அதற்குள் அந்த அம்மா மகனைத் திருப்பூருக்கு ஒரு பனியன் கம்பெனிக்கு அனுப்பியிருந்தார். நண்பன் இப்போது அப்பாவின் கடையை நடத்துகிறான். வலது கை முழுதாக நீளாது. அந்த மாலையை மட்டும் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டான். என்னோடு பேசுவான், ஆனால் மெசேஜ் போட்டால் பதில் போட மாட்டான். பேச வேண்டுமென்றால் கடைக்கு வந்துதான் பேச வேண்டும்.

பின் பெஞ்சுக்காரன் அந்தப் பழைய குரூப்பில் இன்னும் இருக்கிறான். நம்பரைச் சேமித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் அந்தக் கணக்குப் பரீட்சைத் தேதியில் அவன் ஸ்டேட்டஸில் அந்தப் போஸ்டர் வரும். கூலிங்கிளாஸ், மாலை, இரண்டு தேதி. கூட ஒரு எழுத்தும் இருக்காது. நான் பார்ப்பேன். நான் பார்த்தது அவனுக்கும் தெரியும். ஏதாவது எழுதத் தொடங்கி அழித்துவிடுவேன்.

இந்த வருஷம் எழுதவில்லை. கூப்பிட்டேன். பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல். நான்தான்டா அந்தப் புள்ளி என்றேன். தெரியும் என்றான். மாமா அடிக்கையில் என் மூஞ்சியைப் பார்த்த அன்றே தெரிந்துகொண்டதாகச் சொன்னான். பிறகு ஏன்டா வருஷா வருஷம் இதைப் போடுகிறாய் என்று கேட்டேன். நினைவு நாளுக்குப் போட வேண்டாமா என்று சிரித்தான். அம்மாவிடம் பட்டன் போன்தான், பார்க்காது என்றான். மதுரைக்கு ஒருமுறை வாடா, நானே வந்து அம்மாவிடம் மறுபடியும் சொல்கிறேன் என்றேன். நடுவில் டிக் டிக்கென்று இன்னொரு அழைப்பு வரும் சத்தம் எனக்கும் கேட்டது.

“வைடா, எங்கம்மா லைன்ல வருது. இன்னைக்குப் பூராம் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா கூப்பிட்டு, உசுரோட இருக்கியாய்யான்னு கேக்கும். எடுக்கலைன்னா பஸ் ஏறிரும்.”